சீனத் தெருவில் பழைய உள்ளூர் ஜீப்பை அடையாளம் காண: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனத் தெருவில் பழைய ஜீப் ஒன்று நிற்பதைப் பார்த்தால் முன்னால் போய் நிற்காதீர்கள், பின்னால் போங்கள். முகம் பெரும்பாலும் கடன் வாங்கிய முகம். ஒன்றில் ரஷ்ய ஜாடை, இன்னொன்றில் அமெரிக்க ஜாடை, மற்றொன்றில் ஜப்பான் ஜாடை இருக்கும். எந்தத் தொழிற்சாலை செய்தது, என்ன வகை, நாலு சக்கரமும் இழுக்குமா என்பதையெல்லாம் பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தும் எண்ணும்தான் சொல்லும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு செரோக்கியிடம். பெய்ஜிங் வந்த புதிதில் நான் தங்கியிருந்த குடியிருப்பின் வாசலில் வெள்ளை நிற ஜீப் செரோக்கி ஒன்று நிற்கும். சதுர ஹெட்லைட், நீளமான பானெட். யாரோ வசதியானவர் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது என்று பல வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காய்கறிப் பையோடு அதன் பின்பக்கமாக வந்தபோதுதான் கதவின் இடது ஓரத்தில் இரண்டு சீன எழுத்துகளைக் கவனித்தேன். பெய்ஜிங் என்று இருந்தது. வலது பக்கம் பி, ஜே என்ற ஆங்கில எழுத்துகளும் 7250 என்ற எண்ணும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கீழே சொல்கிறேன். அதைப் படிக்கத் தெரிந்த பிறகு என்னால் எந்தப் பழைய வண்டியையும் சும்மா கடந்துபோக முடியவில்லை.

நம் ஊரில் பெட்டி மாதிரி உயரமாக இருக்கும் எந்த வண்டியையும் ஜீப் என்போம். சீனர்களும் அப்படித்தான், 'ஜிபு' என்பார்கள். முறையான சொல் 'யுவே யே சே', அதாவது காட்டுவெளியைக் கடக்கும் வண்டி. இந்தக் கட்டுரையில் நான் ஜீப் என்று எழுதுவது இந்தப் பொதுப் பொருளில்தான். காலத்தைப் பொறுத்தவரை 1960களிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரைக்குமானவை.

எங்கே தேடுவது

பெருநகரங்களின் நடுவில் தேடி ஏமாறாதீர்கள். காரணம் புகைக் கட்டுப்பாடு. மிகப் பழைய பெட்ரோல் வண்டிகளுக்கும் டீசல் வண்டிகளுக்கும் முன்பு மஞ்சள் வில்லை ஒட்டினார்கள். அந்த வில்லை உள்ள வண்டிகளை முதலில் நகருக்குள் வரவிடாமல் தடுத்தார்கள், பிறகு நாடு முழுக்கச் சாலையிலிருந்தே ஓரம்கட்டினார்கள். 2017 பிப்ரவரியில் பெய்ஜிங் இன்னும் ஒரு படி போய், முதலாம் இரண்டாம் நிலைத் தரத்தில் உள்ள பெட்ரோல் கார்கள் வேலை நாளில் ஐந்தாம் வட்டச் சாலைக்குள் ஓடக் கூடாது என்றது. 2000க்கு முந்தைய ஜீப்புகள் கிட்டத்தட்ட எல்லாமே இந்த வலையில் மாட்டிக்கொண்டன. ஆகவே பெய்ஜிங்கில் தேடுவதானால் சனி ஞாயிறில் தேடுங்கள், ஐந்தாம் வட்டத்துக்கு வெளியே, மலையடிவாரப் பக்கம் போங்கள். ஹுவைரோ, மென்தோகோ பக்கத்துக் கிராமங்கள் எனக்குக் கைகொடுத்தவை.

இன்னொரு மாற்றம் நமக்குச் சாதகமானது. தனியார் கார்களுக்கு முன்பு 15 ஆண்டு என்று ஆயுள் கெடு இருந்தது. 2013 மே மாதம் வந்த விதி அதை எடுத்துவிட்டது. இப்போது ஆண்டுக் கணக்கு இல்லை. சோதனையில், நம் மொழியில் சொன்னால் எஃப்.சி.யில், தேறிக்கொண்டே இருந்தால் வண்டி ஓடலாம். 6,00,000 கிலோமீட்டர் தாண்டினால் கழித்துவிடும்படி அறிவுறுத்துவார்கள். பழைய ஜீப் இன்றும் சட்டப்படி தெருவில் இருப்பதற்கு இதுதான் காரணம்.

நல்ல வேட்டை வேண்டுமென்றால் மாவட்டத் தலைநகரங்களுக்கும் அதற்குக் கீழுள்ள ஊர்களுக்கும் போக வேண்டும். கான்சு, சிங்ஹாய், உள் மங்கோலியா, வடகிழக்கில் ஹெய்லோங்சியாங், தெற்கில் யுன்னான் மலைப்பகுதி. மண் சாலையும் பனியும் ஏற்றமும் உள்ள இடத்தில்தான் நாலு சக்கர இழுவைக்கு வேலை இருக்கிறது. வேலை இருக்கும்வரை வண்டியை யாரும் எடைக்குப் போட மாட்டார்கள். காய்கறிச் சந்தையின் பின்வாசல், பழைய தொழிற்சாலைக் குடியிருப்புகளின் உள்முற்றம், டயர்க் கடை, ஊர்க்கோடி ஒர்க்ஷாப் என்று வரிசையாகப் பாருங்கள். காலை ஆறிலிருந்து எட்டுக்குள் போனால் வண்டி கிளம்புவதற்கு முன் பிடித்துவிடலாம்.

கண்ணைப் பழக்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. பெய்ஜிங்கில் ஃபெங்தாய் பகுதியில் 2011-ல் திறந்த கார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஹுவைரோவில் பழைய கார்களுக்கென்றே தனியார் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ஷாங்காய் பக்கம் இருந்தால் ஆன்திங்கில் உள்ளதற்குப் போங்கள். அரைநாள் செலவழித்து ஒவ்வொரு வண்டியின் பின்புறத்தையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், தெருவில் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாலைப் படிப்பது

சரி, வண்டி கிடைத்துவிட்டது. பின்னால் போயாயிற்று. இப்போது எண்.

சீன வண்டிகளின் மாதிரி எண்ணில் முதலில் வருவது தொழிற்சாலையைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள். பி.ஜே. என்றால் பெய்ஜிங். என்.ஜே. நான்ஜிங், டி.ஜே. தியான்ஜின், எஸ்.எக்ஸ். ஷான்ஷி மாநிலம். சி.ஏ. என்றால் சாங்சுனில் உள்ள முதலாம் வாகனத் தொழிற்சாலை. ஈ.க்யூ. என்றால் ஹூபேய் மாநிலத்தின் ஷியான் நகரில் மலைகளுக்கு நடுவே கட்டிய இரண்டாம் வாகனத் தொழிற்சாலை. இரண்டு என்பதற்குச் சீனத்தில் 'அர்', மோட்டார் வண்டிக்கு 'சீ சே', அதிலிருந்து வந்த எழுத்துகள் அவை. சி.எஃப்.ஏ. ஹூனான் மாநிலத்தின் சாங்ஃபெங். சி.சி. பாவோதிங் நகரின் கிரேட் வால்.

எழுத்துக்குப் பின் நாலு இலக்கம். முதல் இலக்கம்தான் உயிர்நாடி. 1 என்றால் சரக்கு லாரி, 2 என்றால் காட்டுவழி வண்டி, 3 டிப்பர், 6 பஸ் வகை, 7 சாதாரணக் கார். நடுவில் உள்ள இரண்டு இலக்கம் வகைக்குத் தக்கபடி பொருள் மாறும். காட்டுவழி வண்டியில் அது சுமையோடு சேர்ந்த எடை, டன் கணக்கில். பஸ் வகையில் நீளம், காரில் எஞ்சின் அளவு. கடைசி இலக்கம் அந்தத் தொழிற்சாலையில் அது எத்தனையாவது வடிவம் என்பதைச் சொல்லும், பூஜ்யத்திலிருந்து எண்ணுவார்கள்.

இப்போது என் வாசலில் நின்ற செரோக்கிக்கு வருவோம். பி.ஜே. 7250. பெய்ஜிங் தயாரிப்பு. 7, ஆகவே அரசுப் பதிவில் அது வெறும் கார். 25, அதாவது 2.5 லிட்டர் எஞ்சின். நாலு சக்கர இழுவை இல்லாமல் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் செரோக்கி அது. அதே உடம்பு, அதே முகம், ஆனால் பின்னால் 2021 என்று இருந்தால் நாலு சக்கரமும் இழுக்கும் அசல் காட்டுவழி வண்டி. முன்னாலிருந்து பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். பின்னால் போனால் ஒரே இலக்கத்தில் விஷயம் முடிந்துவிடும்.

இந்த நாலு இலக்க முறை 1988-ல் வந்த தேசியத் தரம். அதற்கு முன் பெரும்பாலும் மூன்று இலக்கம்தான், ஆனால் முதல் இலக்கம் 2 என்றால் காட்டுவழி வண்டி என்பது அப்போதும் உண்டு. ஆகவே பி.ஜே. 212 என்ற எண்ணைப் பார்த்தால் அது பழைய முறை. அதன் வாரிசுக்கே புதிய முறையில் பி.ஜே. 2020 என்று பெயர் வந்தது. பின்கதவைத் திரும்ப வண்ணம் அடித்திருந்தால் எண் போயிருக்கும். அப்போது உடம்பைப் படிக்க வேண்டியதுதான்.

212: இதைத் தெரிந்துகொண்டால் பாதி வழி வந்தாயிற்று

சீனர்கள் இதை 'அர் யாவ் அர்' என்பார்கள். ஒன்று என்பதற்கு வழக்கமான சொல் 'யீ'. அது ஏழு என்ற ஒலியோடு குழம்பிவிடும் என்பதால் எண்களை வாசிக்கும்போது 'யாவ்' என்பது வழக்கம். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். வண்டிக்காரர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

சோவியத் நாட்டோடு உறவு முறிந்து ரஷ்ய ஜீப்புகள் வருவது நின்றபோது, படைக்குச் சொந்தமாக ஒரு சிறு வண்டி வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் பெய்ஜிங் தொழிற்சாலையில் வேலை ஆரம்பித்தது. சில முன்மாதிரிகளுக்குப் பிறகு அந்தப் பத்தாண்டின் நடுவில் 212 உருவானது. 1966-ல் தியானன்மென் சதுக்கத்தில் மாவோ தன் இளைஞர் படையான செங்காவலர்களைப் பார்வையிட்டபோது நின்றுகொண்டு வந்தது இந்த வண்டியில்தான். அதன் பிறகு பல ஆண்டுகள் மாவட்ட நிலை அதிகாரிக்கும் ரெஜிமென்ட் தளபதிக்கும் உரிய வண்டி என்றால் 212தான். அதனால்தான் ஐம்பது வயது தாண்டிய சீனர்கள் இதைப் பார்த்தால் ஊர்ப் பெரிய மனுஷர் வருகிறார் என்று தெருவில் ஓடிப்போய்ப் பார்த்ததைச் சொல்வார்கள்.

அடையாளம்: மடிப்பில்லாத தட்டையான கண்ணாடி, வட்ட ஹெட்லைட், வெளியே தெரியும் கதவுக் கீல்கள், தார்ப்பாய்க் கூரை, பின்னால் தொங்கும் ஸ்டெப்னி. வண்டியின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள்: முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.3 மீட்டர்தான், ஆகவே உயரத்துக்கு நீளம் குறைவாகத் தெரியும். குனிந்து பார்த்தால் முன்னாலும் பின்னாலும் பட்டாதான், அதாவது அடுக்கிவைத்த இரும்புத் தகட்டு ஸ்பிரிங். சுருள் ஸ்பிரிங் கிடையாது. எஞ்சின் நாலு சிலிண்டர், 2.4 லிட்டர், 75 குதிரைத்திறன். அது ரஷ்ய வோல்கா காரின் எஞ்சின் வழி வந்தது. கியர் மூன்றுதான். காதுக்கும் அடையாளம் உண்டு: நின்ற இடத்தில் ஓடும்போது சீராக இருக்காது, தொண்டையைச் செருமுவது போல ஒரு விட்டுவிட்ட ஒலி.

நாலு கதவு என்றால் சாதாரண 212. இரண்டே கதவு, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு என்றால் அது 212ஏ. ஆள் ஏற்றவும் சரக்கு ஏற்றவும் செய்தது. கிராமங்களில் இன்று மிஞ்சியிருப்பதில் இந்த இரண்டு கதவு வண்டியைக் கண்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்று பாருங்கள்.

கான்சுவில் ஒரு சின்ன ஊர்ச் சந்தையில் நான் பார்த்த 212ஐச் சொல்லியாக வேண்டும். டிசம்பர் மாதம், மூச்சு வெள்ளையாக வரும் குளிர். வண்டியின் பானெட் மேல் ஒரு பழைய பஞ்சு மெத்தை விரித்து, நாலு மூலையையும் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ரேடியேட்டருக்கு முன்னாலும் ஒரு துண்டு மெத்தை. பூப்போட்ட துணி, யார் வீட்டுக் கட்டிலிலோ இருந்தது. வடக்கே எஞ்சின் உறையாமல் இருக்கச் செய்யும் பழைய ஏற்பாடு அது. கூரைத் தார்ப்பாயைக் குறைந்தது இரண்டு முறையாவது மாற்றியிருக்க வேண்டும், ஓரத்தில் மூன்று நிறப் பச்சை தெரிந்தது. கதவுக் கைப்பிடி தேய்ந்து வெள்ளி மாதிரி பளபளத்தது. பின்னால் முட்டைக்கோஸ் மூட்டை. அவ்வளவு வருஷம் ஓடிய வண்டி அன்று காலையிலும் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்த வடிவம் மிக நீண்ட காலம் உற்பத்தியில் இருந்தது. 2020 வரிசை 2000க்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. ஆகவே உருவத்தை மட்டும் வைத்து '1970 மாடல்' என்று எழுதிவிடாதீர்கள். அதோடு, 2013-ல் வந்த பி.ஜே. 40 என்ற வண்டியும், 212 என்ற பேரையே தாங்கி 2024-ல் வந்த புது வண்டியும் இந்தச் சாயலை வேண்டுமென்றே காட்டுகின்றன. தூரத்திலிருந்து ஏமாற்றும். எல்.இ.டி. விளக்கு, அலாய் வீல், பிளாஸ்டிக் பம்பர் இருந்தால் புதுசு. சந்தேகம் இருந்தால் முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். பழைய வண்டியில் பட்டா தெரியும்.

செரோக்கி

1983 மே மாதம் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனமும் பெய்ஜிங் தொழிற்சாலையும் கூட்டு ஒப்பந்தம் போட்டன. 1984 ஜனவரியில் பெய்ஜிங் ஜீப் என்ற நிறுவனம் வேலை தொடங்கியது. மோட்டார் துறையில் சீனாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த முதல் கூட்டு அதுதான். 1985-ல் முதல் செரோக்கி வெளியே வந்தது. 1987-ல் அமெரிக்கன் மோட்டார்ஸை கிரைஸ்லர் வாங்கியது, பெய்ஜிங் பங்கும் அதோடு கைமாறியது. அமெரிக்காவில் இந்த உடம்பு 2001-ல் நின்றுபோனது. பெய்ஜிங்கில் முகத்தை மாற்றி, 'ஜீப் 2500' என்ற பெயரிலும் விற்றார்கள்.

தனி சேஸிஸ் கிடையாது, உடம்பே சட்டம். அதனால் 212ஐவிடத் தாழ்வாக, தரையோடு ஒட்டி நிற்கும். முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டா. உள்ளூர் வண்டியா, இறக்குமதியா என்ற கேள்விக்குப் பின்கதவுச் சீன எழுத்துதான் பதில். 'பெய்' என்ற எழுத்து முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்த இரண்டு பேர் மாதிரி இருக்கும். 'ஜிங்' என்ற எழுத்து ஒரு சின்னக் கோபுரம்: மேலே புள்ளி, கீழே படுக்கைக் கோடு, நடுவில் பெட்டி, அடியில் மூன்று கால். இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்தாலே போதும், நம்பர் பிளேட் படிக்கவும் உதவும்.

எனக்கு இந்த வண்டி மேல் தனி மதிப்பு உண்டு. பெருநகரத் தெருவில் நீங்கள் இன்னும் நேரில் பார்க்கக்கூடிய பழைய ஜீப்புகளில் முதலிடம் இதற்குத்தான்.

லியேபாவ்

பெயருக்குப் பொருள் சிவிங்கிப்புலி. ஹூனானின் யோங்ச்சோவில், முன்பு படைக்குச் சொந்தமாக இருந்த தொழிற்சாலையில், மிட்சுபிஷி தொழில்நுட்பத்தோடு 1990களின் நடுவிலிருந்து செய்தது. முகமும் உடம்பும் 1991-ல் ஜப்பானில் வந்த இரண்டாம் தலைமுறை பஜெரோ. எண் சி.எஃப்.ஏ. 2030 என்றால் காட்டுவழி வகை. சி.எஃப்.ஏ. 6470 என்றும் பார்ப்பீர்கள்: 6, ஆகவே பஸ் வகைப் பதிவு, 47 என்றால் 4.7 மீட்டர் நீளம். ஒரே குடும்பம், வேறு வேறு பதிவு. படையிலும் காவல் துறையிலும் நிறைய ஓடியது. பிறகு கைமாறித் தனியாரிடம் வந்தது. மலைப்பகுதி ஊர்களில் கரும்பச்சை, கறுப்பு நிறங்களில் கிடைக்கும். இங்கேயும் அதே எச்சரிக்கைதான்: உருவம் 1991, வண்டி 2010 ஆகவும் இருக்கலாம்.

மற்றவை, சுருக்கமாக

பாவோதிங் நகரத்து கிரேட் வால் 2002-ல் கொண்டுவந்த 'சைஃபு', பழைய டொயோட்டா ஃபோர்ரன்னர் சாயல். பிக்கப்பின் மேல் பெட்டி வைத்த மாதிரி இருக்கும். விலை குறைவு என்பதால் சின்ன வியாபாரிகள் நிறைய வாங்கினார்கள். நான்சாங்கின் லேண்ட்விண்ட், ஓபல் ஃப்ரன்டேராவின் சாயல். 2005-ல் ஜெர்மனியில் நடந்த மோதல் சோதனையில் படுமோசமாகத் தோற்றுப் பெயர் கெட்ட வண்டி அது. ஆனாலும் இன்றைக்கு அதுவும் வரலாறு, பார்த்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

லாரிகளில் இரண்டைத் தெரிந்தால் போதும். சாங்சுனின் சி.ஏ. 30: ஆறு சக்கரமும் இழுக்கும், சோவியத் ஸில் லாரியின் வழி, 1958-லிருந்து 1980களின் நடு வரை செய்தார்கள். ஷியானின் ஈ.க்யூ. 240: 1975-ல் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதல் வண்டி, ஆறு சக்கர இழுவை, இரண்டரை டன் சுமை. இரண்டும் தெருவில் அபூர்வம். காட்டிலாகா, எண்ணெய் வயல், கிணறு தோண்டுபவர்கள் கொல்லைப்புறங்களில் தேடுங்கள்.

மிக மிகப் பழையது வேண்டும் என்பவர்களுக்கு: 1950களின் கடைசியில் சோங்சிங்கில் வில்லிஸ் ஜீப்பைப் பார்த்துச் செய்த சாங்சியாங் 46. 1963-ல் நின்றுவிட்டது. தெருவில் எதிர்பார்க்காதீர்கள், அருங்காட்சியகத்தில் பாருங்கள்.

வயதைக் கண்டுபிடிப்பது

2000 வாக்கிலும் அதற்குப் பிறகும் வந்த வண்டி என்றால் முன்கண்ணாடியின் கீழ் இடது மூலையில் 17 எழுத்து சேஸிஸ் நம்பர் வெளியிலிருந்தே தெரியும். ஆங்கில எல் என்று ஆரம்பித்தால் சீனத் தயாரிப்பு. பத்தாவது எழுத்து ஆண்டு: ஒய் என்றால் 2000, 1 என்றால் 2001, அப்படியே 9 வரை, பிறகு ஏ என்றால் 2010. இதைவிடப் பழைய வண்டியில் எஞ்சின் அறைக்குள் தகரத் தகடு ஒன்று இருக்கும். அதைப் பார்க்க உரிமையாளர் மனசு வைக்க வேண்டும்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. முன்கண்ணாடியின் மேல் மூலையைப் பாருங்கள். 2020 நடுவில் எஃப்.சி. வில்லை முழுக்க மின்னணுவுக்கு மாறிவிட்டது. அதற்கு முன் காகிதம்தான். கண்ணாடியில் உள்பக்கம் ஒட்டுவார்கள். ஒவ்வொன்றிலும் ஆண்டு அச்சாகியிருக்கும், மாதத்துக்கு ஓட்டை போட்டிருப்பார்கள். பழைய வண்டிக்காரர்கள் பலர் கிழிக்காமல் வரிசையாக விட்டுவிடுவார்கள். முட்டை வடிவ வில்லை என்றால் அது கட்டாயக் காப்பீடு, 2006-ல் தொடங்கியது. பச்சை அல்லது மஞ்சள் வட்டம் என்றால் புகைத் தரம். இந்த வரிசையைப் படித்தால் வண்டி எந்த ஆண்டு வரை சோதனைக்குப் போனது, எப்போது நின்றுபோனது என்று தெரிந்துவிடும். ஒரு செரோக்கியில் ஏழு வில்லைகளை எண்ணியிருக்கிறேன். வெயிலில் வெளுத்து, எண் மட்டும் நீலமாக மிஞ்சியிருந்தது.

நம்பர் பிளேட்டும் பேசும். முதல் சீன எழுத்து மாநிலம், அடுத்த ஆங்கில எழுத்து நகரம். ஏ பெரும்பாலும் மாநிலத் தலைநகரம். மூன்று செங்குத்துக் கோடு மட்டும் என்றால் சிச்சுவான், படிக்கவே வேண்டாம். நீலம் சிறு வண்டி, மஞ்சள் பெரிய வண்டி, பச்சை மின்சார வகை. பச்சைப் பிளேட்டில் நம் ஆள் இருக்க மாட்டார்.

கேட்பதும் எடுப்பதும்

வண்டிக்காரரை 'ஷிஃபு' என்று கூப்பிடுங்கள். கைத்தொழில் தெரிந்தவரை மரியாதையாக அழைக்கும் சொல் அது. 'கெ யீ பாய் சாவ் மா?' என்றால் படம் எடுக்கலாமா. 'ஜெ ஷர் நா நியென் த சே?' என்றால் இது எந்த ஆண்டு வண்டி. இந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டது குறைவு, ஏனென்றால் அதற்குப் பிறகு அவர்களே பேசுவார்கள். ஒருவர் பானெட்டைத் திறந்து காட்டுவார், இன்னொருவர் உள்ளே ஏறச் சொல்வார். வேண்டாம் என்று கை காட்டினால் நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வெள்ளைப் பிளேட்டில் சிவப்பு எழுத்து இருந்தால் அது படை வண்டி அல்லது ஆயுதக் காவல் படை வண்டி. எவ்வளவு அழகாக இருந்தாலும் கேமராவை எடுக்காதீர்கள். படை முகாம் வாசல், எல்லைச் சோதனைச் சாவடி, இவற்றின் பக்கத்திலும் வேண்டாம். வெளிநாட்டவர் என்றால் சிக்கல் பெரிது. தனியார் வண்டியின் படத்தைப் பிறரோடு பகிரும்போது நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள்.

எடுக்க வேண்டிய படங்கள் ஐந்து: பின்புறம் முழுதாக, பின்கதவு எண் மட்டும் கிட்டத்தில், பக்கவாட்டில் சக்கரம் இரண்டும் தெரிய, முன்சக்கரத்தின் உட்புறம், கடைசியாக முகம். முகத்தை முதலில் எடுத்தால் வண்டி கிளம்பிப் போகும்போது பின்புறம் கிடைக்காமல் போய்விடும். எனக்கு அப்படி ஒரு இரண்டு கதவு 212 கைநழுவியிருக்கிறது.

ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதும் முறை இதுதான். கான்சு வண்டிக்கு எதிரே இப்படி இருக்கிறது: "சந்தைப் பின்வாசல். டிசம்பர், காலை 7.20. 212, நாலு கதவு. பின்கதவு எண் இல்லை, திரும்ப வண்ணம் அடித்தது. முன் பட்டா உண்டு. கூரை மூன்று பச்சை. பானெட்டில் மெத்தை. ஷிஃபு சொன்ன ஆண்டு 1984, தகடு பார்க்கவில்லை. அடுத்த முறை தகடு."